இருட்டைக் கொண்டு எடுத்த படங்கள்

பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய 1930களில், கூட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள அந்நாட்டுத் திரையரங்குகள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கத்துக்கு வந்தன. முதன்மைப் படத்தில் நட்சத்திரங்கள் இருப்பார்கள். அதற்குத் துணையாக ஓடும் சின்னப் படம் பி படம் எனப்பட்டது. பெரிய படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும். பி படத்துக்குத் திரையரங்கு ஒரு நிலையான வாடகையை மட்டும் கொடுக்கும். எவ்வளவு நன்றாக எடுத்தாலும் வரும்படி கூடப்போவதில்லை என்பதால், செலவு வரம்புக்குள் நின்றால் போதும் என்று தயாரிப்பாளர்கள் இருந்துவிட்டார்கள். படத்துக்குள் இயக்குநர் என்ன செய்கிறார் என்று மேலிடத்தில் யாரும் துருவிப் பார்க்கவில்லை. 1940களிலும் 50களின் முற்பகுதியிலும் வந்த குற்றப் படங்களின் துணிச்சலுக்கு இந்த அலட்சியமே இடம் கொடுத்தது. நல்லவன் வென்று காதலியைக் கைப்பிடிக்கும் முடிவு நட்சத்திரப் படங்களுக்குக் கிட்டத்தட்டக் கட்டாயமாக இருந்த காலத்தில், தோற்றவனின் கதையைத் தோற்றவன் பக்கம் நின்று சொல்ல இவற்றால் முடிந்தது.

மோனோகிராம், பிஆர்சி, ரிபப்ளிக் போன்ற சிறிய நிறுவனங்கள் இத்தகைய படங்களை எடுத்துத் தள்ளின. ஆர்கேஓ போன்ற பெரிய ஸ்டூடியோக்களிலும் பி படங்களுக்கென்று தனிப் பிரிவுகள் இருந்தன. பெரும்பாலான படங்கள் எழுபது, எண்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். கதையில் கொழுப்பே இருக்காது. ஒருவன் கதவைத் திறந்து உள்ளே வருகிறான் என்றால், வந்ததற்கு அடுத்த வசனத்திலேயே காரணம் இருக்கும்.

இந்தப் படங்களின் முதல் அழகு இருட்டு. செட்டுக்குப் பணம் இல்லாதபோது செட்டின் பெரும்பகுதியை இருட்டில் விட்டுவிடுவது லாபம். அந்த லாபக் கணக்கைக் கலையாக்கியவர் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன். ஹங்கேரியில் பிறந்த இவர், ஆண்டனி மான் இயக்கிய ‘டி-மென்’ (1947), ‘ரா டீல்’ (1948) ஆகிய படங்களில் மிகக் குறைந்த விளக்குகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார். அறை முழுவதையும் வெளிச்சமாக்கிப் பிறகு நிழலைச் சேர்ப்பது ஸ்டூடியோ வழக்கம். ஆல்டன் இருட்டிலிருந்து தொடங்கி, எது தெரிய வேண்டுமோ அதற்கு மட்டும் ஒளி கொடுத்தார். ‘டி-மென்’ படத்தின் நீராவிக் குளியலறைக் கொலையில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டவனின் முகம் கதவின் சின்னக் கண்ணாடியில் அழுந்துகிறது. வெளியே கொலைகாரன் அசையாமல் நின்று பார்க்கிறான். நடுவில் நீராவி மட்டும்தான். இதே ஆல்டனுக்குப் பிறகு ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ (1951) படத்தின் வண்ண நடனக் காட்சிக்காக ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அவருடைய கண் எப்படிப்பட்டது என்று அறிய, அந்த வண்ணப் படத்தைவிடக் கறுப்பு வெள்ளைப் படங்களையே பார்க்க வேண்டும்.

ஒலியிலும் இதே சிக்கனம் உண்டு. ரிச்சர்ட் ஃப்ளெய்ஷரின் ‘தி நாரோ மார்ஜின்’ (1952) 71 நிமிடம் ஓடுகிறது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் ரயிலில், கும்பல் தலைவன் ஒருவனின் விதவையைச் சாட்சி சொல்ல அழைத்துப்போகும் துப்பறிவாளனின் கதை இது. பின்னணி இசை கிடையாது. சக்கரச் சத்தமும் விசிலும் போதும் என்று விட்டிருக்கிறார்கள். விதவையாக வரும் மேரி வின்ட்ஸர் அரத்தால் நகம் தேய்க்கிறார்; அடுத்த ஷாட்டில், ரயில் சக்கரங்களை இணைக்கும் தண்டு அதே வேகத்தில் முன்னும் பின்னும் போய்வருகிறது. ரயில்பெட்டி செட்டை ஆட்டுவது செலவு என்பதால் செட்டைத் தரையோடு பொருத்திவிட்டுக் கேமராவை ஆட்டினார்கள். பார்ப்பவருக்குப் பெட்டியே குலுங்குவதாகத்தான் படுகிறது. பெட்டியின் குறுகலான நடைவழியும் ஒரு பாத்திரமாகிவிடுகிறது. பருமனான பயணி ஒருவர் எதிரே வந்தால் துப்பறிவாளனால் விலகிப் போக முடியாது. அந்த நெரிசலிலிருந்தே பதற்றம் பிறக்கிறது.

ஜோசப் ஹெச். லூயிஸின் ‘கன் க்ரேஸி’ (1950) வேறு வகை. துப்பாக்கி மோகத்தால் ஒன்றுசேர்ந்த ஜோடி ஒன்று ஊர் ஊராகக் கொள்ளையடிக்கிறது. அதில் ஒரு வங்கிக் கொள்ளை முழுவதும், மூன்று நிமிடத்துக்கு மேல், வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் வருகிறது. கேமரா காரின் பின் இருக்கைப் பக்கம் இருக்கிறது. கார் நிஜமான தெருவில் ஓடுகிறது. பேச வேண்டியதை நடிகர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் தாங்களே பேசிக்கொள்கிறார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்ற கவலைதான் அவர்கள் பேச்சில் முதலில் வருகிறது; கொள்ளையடிக்கப் போகிறவர்களுக்கும் அந்தக் கவலை உண்டு என்று வேறு எந்தப் படமும் இவ்வளவு இயல்பாகக் காட்டியதில்லை. ஜோடியில் ஆணாக நடிக்கும் ஜான் டால் இறங்கி வங்கிக்குள் போகிறார். கேமரா உள்ளே போவதில்லை. ஒரு போலீஸ்காரர் நடந்து வந்து வாசலருகே நிற்கிறார். பெண்ணாக நடிக்கும் பெகி கம்மின்ஸ் இறங்கிப்போய் அவருடைய துப்பாக்கியைப் பற்றிச் சிரித்துப் பேசி நேரம் கடத்துகிறார். அலாரம் அடிக்கிறது, அடி விழுகிறது, இருவரும் காருக்குள் பாய்கிறார்கள். வங்கிக்குள் நடந்தது எதுவும் பார்வையாளருக்குத் தெரியாது. வங்கி செட்டும் கூட்டமும் இல்லாமலே முடிந்த இந்தக் காட்சியில், பார்ப்பவர் தப்பியோடும் காரின் மூன்றாவது ஆளாகிவிடுகிறார். தப்பித்துவிட்டார்கள் என்று தெரியும்போது கம்மின்ஸ் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். அந்த முகத்தில் பயம் துளியும் இல்லை, இருப்பது குதூகலம். அவரைப் பற்றிப் படம் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு பார்வையில் வந்துவிடுகிறது.

வறுமையின் எல்லைக்கே போய் எடுத்த படம் எட்கர் ஜி. உல்மரின் ‘டீடூர்’ (1945). உல்மர் ஜெர்மன் இயக்குநர் முர்னோவிடம் வேலை செய்தவர். யுனிவர்சலில் ‘தி பிளாக் கேட்’ (1934) எடுத்துப் பேர் வாங்கினார். முதலாளியின் மருமகன் முறை உறவினர் ஒருவரின் மனைவியைக் காதலித்து மணந்ததால் பெரிய ஸ்டூடியோக்களின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. பிஆர்சி நிறுவனத்துக்கு அவர் எடுத்த இந்தப் படத்தின் நீளம் 68 நிமிடம். ஆறே நாளில் எடுத்ததாக உல்மரே பின்னாளில் சொன்னார். உண்மையில் அதைவிட அதிக நாள் ஆனது. ஆனாலும் கையில் காசு இல்லை என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது. நியூயார்க் தெரு வேண்டிய இடத்தில் பனிமூட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். நாயகன் லிஃப்ட் கேட்டுப் போகும் ஒரு காட்சியில் ஃபிலிமை இடவலம் மாற்றிப் போட்டதால் அமெரிக்கச் சாலையில் கார்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. இந்தியப் பார்வையாளர் கண்ணில் இது படாமலே போகலாம்.

பியானோ வாசிக்கும் ஆல், வழியில் லிஃப்ட் கொடுத்தவர் இறந்துபோக, பழி தன்மேல் விழும் என்று பயந்து அவர் பெயரையும் காரையும் எடுத்துக்கொள்கிறான். பிறகு வீரா என்ற பெண்ணை ஏற்றிக்கொள்கிறான். அவள் அந்தக் காரின் சொந்தக்காரரோடு முன்பே பயணம் செய்தவள். ஆன் சாவேஜ் ஏற்ற இந்த வீராவைப்போல் கருணையற்ற பெண் பாத்திரம் அன்றைய நட்சத்திரப் படங்களில் அரிது. அவள் சாவு ஒரு டெலிபோன் கம்பியால் நேர்கிறது. அதைக் கண்டபின் ஆலின் கண்ணாக மாறும் கேமரா, வெட்டே இல்லாமல் அறையில் ஒவ்வொரு பொருளாகப் போய்ப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் மங்கலாக இருந்து தெளிந்து மறுபடி மங்குகிறது. அதிர்ச்சியில் உறைந்த மனம் பார்க்கும் விதம் இதுதான். இதற்குத் தேவைப்பட்டது ஒரு லென்ஸும் ஓர் அறையும் மட்டுமே. படம் முழுவதும் ஆல் தன் வாயால் சொல்லும் கதை என்பதால், அரைகுறை செட்டுகளும் மூட்டமும் அவன் சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகத்தை வளர்க்கவே உதவுகின்றன.

எல்லாப் பி படங்களும் இப்படி இல்லை. மரக்கட்டை நடிப்பும், சொன்னதையே சொல்லும் பின்குரலும், அரசுத் துறைகளைப் புகழும் முன்னுரைகளும் ஏராளம். ‘டி-மென்’ படமே கருவூலத் துறைப் பாராட்டுரையோடுதான் தொடங்குகிறது. தணிக்கை விதிப்படி குற்றவாளி தப்பக்கூடாது என்பதால் ‘டீடூர்’ முடிவில் போலீஸ் கார் ஒன்று வந்து நிற்க வேண்டியிருந்தது.

படங்களைத் திரையரங்குகளின் தலையில் கட்டுகட்டாகக் கட்டும் முறையை 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முடிவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் வந்துவிட, இரட்டைப் படச் சந்தை சுருங்கியது. ‘டீடூர்’ பதிப்புரிமை இல்லாமல் போய், கீறல் விழுந்த பிரதிகளிலேயே பல ஆண்டுகள் உலவியது. 1992இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 2018இல் வந்த சீரமைப்புக்குப் பெல்ஜியத்தில் கிடைத்த, பிரெஞ்சு, ஃபிளெமிஷ் சப்டைட்டில்கள் பதிந்த பிரதி பயன்பட்டது. அந்த எழுத்துகளை ஃபிரேம் ஃபிரேமாக அழித்தே படத்தை மீட்டார்கள்.