ஏட்டு நாடகமும் மேடை நாடகமும்

'வள்ளி திருமணம்' நூலைப் புரட்டிவிட்டு, "வெறும் புராணம்! இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று மூடி வைப்போர் உண்டு. நூலை மட்டும் கண்டால் அத்தீர்ப்பு சரியென்றே தோன்றும். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், வள்ளியை மணக்கிறான். சங்கரதாசு சுவாமிகளின் பாட்டும் உரையாடலும் அவ்வளவே கூறும்.

ஆனால், அதே முருகனாக மேடையேறிய விசுவநாததாசு வெள்ளையர் ஆட்சியைச் சாடும் பாட்டுகளை நாடகத்துக்கிடையே பாடினார். பன்முறை சிறை புகுந்தார். 1940-இல் சென்னையில், முருகன் வேடத்துடனேயே மேடையில் உயிர் நீத்தார். முடிதிருத்துவோர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். சாதி, மேடையிலும் ஏறி நின்ற கொடுமை அது! இவற்றுள் எது அந்நூலில் இருக்கிறது?

நாடகத் திறனாய்வு எழுதப் புகும் நம் இளைஞர்கள் நூலகத்தில் ஆசிரியர் பெயர்ப் பட்டியலைத் தேடுகின்றனர், கிடைத்த நூலைப் படிக்கின்றனர், தீர்ப்பெழுதுகின்றனர். 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' படிப்பதற்கென்றே அமைந்த நாடகம். அதற்கு இம்முறை போதும். ஊர் ஊராகச் சென்ற கம்பெனி நாடகத்துக்குப் போதுமா? போதாது என்கிறோம்.

முதலில் தேட வேண்டியது நாடகம் நடந்த ஊரும் நாளும். பம்மல் சம்பந்தனாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' போன்ற நூல்கள் அதற்கு வழிகாட்டும். நாள் தெரிந்தால் அவ்வாரத்து இதழ்களைப் புரட்டலாம். மதிப்புரை 'நாடகம்' என்ற தலைப்பில்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஊர்ச் செய்தியில், ஆசிரியருக்கு வந்த கடிதத்தில் ஒளிந்திருக்கும். துண்டறிக்கைகளையும் தள்ளலாகாது. அவை விளம்பரமே, புகழ்ச்சியே. எனினும் யார் எந்த வேடம், கட்டணம் எவ்வளவு என்பதை அவையே சொல்லும். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் திரட்டிய செல்வத்தைக் கொண்டு, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. பழைய இதழ்களைத் தேடுவோர் அங்கே செல்லலாம்.

இன்னொரு திறனாய்வாளரும் உண்டு. அவர் காவல்துறையினர்! 1876-இல் வெள்ளையர் ஆட்சி நாடகங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. தடுப்பதற்குக் காரணம் எழுதியாக வேண்டுமே! அத்தகைய அரசு ஆவணங்களை ஆராய்ந்தே தியடோர் பாஸ்கரன் 1981-இல் தேசிய இயக்க கால நாடகத்தின் அரசியலை நூலாக்கினார்.

வள்ளி கதையைப் புகழ நாம் வரவில்லை. புராணத்தில் நமக்கு நம்பிக்கையும் இல்லை. ஆயினும், கொட்டகையில் அமர்ந்திருந்த மக்கள் கேட்டது வள்ளி கதையை மட்டுமா? அச்சிட்ட நூலை மட்டும் படித்தவர் அதற்கு விடை கூற இயலாது.