வதந்தியும் வாசகனும்

இலங்கையில் இனவெறியின் ஊற்றுக்கண் இணையமே என்றொரு கருத்து நமது படித்த வகுப்பாரிடையே வேரூன்றி வருகின்றது. கைத்தொலைபேசி இல்லாதிருந்தால் திகனையில் தீ மூண்டிராது என்பர் ஒரு சாரார். கடுமையான சட்டமொன்றை இயற்றிவிட்டால் தீ தானே அவிந்துவிடும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் ஆராயத்தக்கன. முன்னது கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அதனாற் பயனடைவோரைத் தப்பவிடுகின்றது. பின்னது தீயை மூட்டியவர்களின் கையிலேயே தண்ணீர்க் குடத்தையும் கொடுக்கின்றது.

1915 ஆம் ஆண்டு வெசாக் காலத்தில் கண்டியிலே முஸ்லிம்களுக்கெதிராகத் தொடங்கிய கலவரம் சில நாட்களுக்குள் கொழும்பையும் தென்னிலங்கையையும் சூழ்ந்தபோது இணையம் இருக்கவில்லை, வானொலிதானும் இருக்கவில்லை. யுத்தகால விலையேற்றமும் சில்லறை வியாபாரப் போட்டியும் இருந்தன. அவற்றுக்கு மதச்சாயம் பூசும் பிரசாரகர்களும் இருந்தனர். 1958, 1983 ஆம் ஆண்டுகளின் கொடுமைகளுக்கும் முகநூல் தேவைப்படவில்லை. ஆகவே வெறுப்பு பழையது. அதனைப் பரப்பும் முறையிலும், அதனைக் காசாக்கும் முறையிலும் புதியது யாதென்பதே நம்முன்னுள்ள வினா.

இவ்வினாவுக்கு இலக்கிய மாணவன் கூறக்கூடிய விடையொன்றுண்டு. வதந்தி என்பது ஒரு கதை வடிவம். அதற்குக் கரு உண்டு, பாத்திரங்கள் உண்டு, கேட்போனின் அச்சத்தை அறிந்து அதற்கேற்ப வளைந்து கொடுக்கும் நடையும் உண்டு. ஆயின் அக்கதை வாழ்வதற்கு இன்றியமையாத நிபந்தனை ஒன்றே: அதனை யாரும் நிதானித்து வாசிக்கலாகாது.

2018 பெப்ரவரி 26 ஆம் நாள் இரவு அம்பாறையில் நிகழ்ந்ததை நோக்குவோம். முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையிலே, கறியிற் கிடந்த கட்டியொன்றைக் கருத்தடை மாத்திரை என்று உண்ண வந்தவர்கள் குற்றஞ்சாட்டினர். கடையிலிருந்தவர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரிவர அறியாதவர். கூட்டம் சூழ்ந்து மிரட்டி வினவியபோது அவர் தடுமாறிக் கூறிய விடை ஒப்புதல் வாக்குமூலமாகப் படம்பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டியே என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். இதே வேளையில் கண்டி மாவட்டத்திலே, தெருத் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர் சிலராற் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மரணமானார். தனிப்பட்ட குற்றமான அச்சம்பவம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கதைக்குள் இழுக்கப்பட்டு, மார்ச் 5 ஆம் நாள் திகனை எரிந்தது.

மறு ஆண்டு, 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் நடந்த உயிர்த்த ஞாயிறுப் படுகொலைகளின் பின்னர், சிலாபத்திலும் இவ்வாறே நடந்தது. முஸ்லிம் வியாபாரி ஒருவர், இன்று மிகையாகச் சிரிப்போர் ஒருநாள் அழ நேரும் என்ற பொருள்படச் சில ஆங்கிலச் சொற்களை முகநூலில் எழுதினார். அடுத்த தாக்குதலுக்கான முன்னறிவிப்பாக அதனை வாசித்தோர் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கினர். எழுதியவர் கைதானார், கலவரமோ குளியாப்பிட்டி, மினுவாங்கொடை எனப் படர்ந்தது. அம்பாறையின் மாத்திரைக் கதை அவ்வாண்டு மே மாதத்திற் குருநாகலிற் புதுவேடம் பூண்டது. முஸ்லிம் வைத்தியரொருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதையை வெளியிட்டது இணையமன்று. அச்சிலே வரும் சிங்கள நாளேடு. சான்றெதுவும் இல்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்குக் கூறிய பின்னரும் கதை மடியவில்லை.

இனி, முகநூற் கம்பனியின் பங்கை நோக்குவோம். எந்தப் பதிவை யாருக்கு முதலிற் காட்டுவதென்பதை அதன் இயந்திரம் கணக்கிடுகின்றது. அக்கணக்கிற் பொருளுக்கு இடமில்லை; பரபரப்புக்கே இடமுண்டு. 2017 ஆம் ஆண்டு முதற் சினக்குறி முதலான உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்புக்குறியைவிட ஐந்து மடங்கு பெறுமதி வழங்கப்பட்டதென்பது, 2021 இல் வெளியான அக்கம்பனியின் உள்ளக ஆவணங்களாற் தெரியவந்தது. மனிதன் சினந்தால் நெடுநேரம் தங்குவான். தங்கினால் விளம்பரம் விற்கும். திகனைக் காலத்திலே சிங்களம் அறிந்த மேற்பார்வையாளர்கள் அக்கம்பனியிடம் போதிய அளவில் இருக்கவில்லை. தன்னால் வாசிக்க இயலாத மொழியில் எழுந்த வெறுப்பை விற்று இலாபமீட்டிய நிறுவனம், 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. பழைய துண்டுப்பிரசுரக்காரன் தன் பொய்யைத் தானே வாசித்தறிந்தவன். புதிய அச்சகத்தின் முதலாளியோ வாசிக்க வேண்டிய தேவையே இல்லாதவன். புதுமை இதுவே.

அரசு எவ்வாறு வாசித்தது? திகனைக் கலவரத்தின்போது முகநூலை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் சூத்திரதாரியோ தன் நஞ்சைத் தமிழிலே, பகிரங்கமாக, அம்முகநூல் வழியே போதித்தவன். காத்தான்குடி முஸ்லிம்களே அவனைப் பற்றி முன்கூட்டி முறையிட்டிருந்தனர். வாசிக்க வேண்டியதை வாசிக்காத அரசு, பின்னர் வேறொன்றை வாசிக்கத் தலைப்பட்டது. 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர், ஆசிரியர், பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதானார். 'நவரசம்' என்ற அவரது கவிதைத் தொகுதி தீவிரவாதத்துக்குச் சான்றெனக் காட்டப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ள நூல் அது. 2021 டிசம்பரிற் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும், முகநூலில் வெளியிட்ட சிறுகதையொன்றுக்காக, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் ஏற்பாட்டைக் கொண்ட சட்டத்தின் கீழேயே 2019 ஏப்ரலிற் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். வெறுப்புக்கெதிரான சட்டம் ஒருபுறம் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரியையும், மறுபுறம் சிங்கள எழுத்தாளனையும் பிடித்தது. இவ்வனுபவத்தின் பின்னரே 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. பொய்க்கூற்று எதுவெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழு ஒன்றுக்கு அளித்த அச்சட்டத்தை முற்போக்காளர் ஐயத்துடன் நோக்கியது இயல்பே.

கூட்டம், கம்பனி, அரசு ஆகிய மூன்றும் வெவ்வேறு நலன்களைக் கொண்டவை. எனினும் வாசிக்க மறுப்பதில் அவை ஒன்றுபடுகின்றன. இதனைக் கூறும் தமிழர் தம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்குமாறு தென்னிலங்கையில் எழுந்த குரலைத் தமிழிற் பெயர்த்துப் பகிர்ந்தோர் நம்மிடையேயும் இருந்தனர். சாதிவசை இன்றும் தமிழிலேயே எழுதப்படுகின்றது. பெரும்பான்மையின் இனவெறியைக் கண்டிக்கும் பேனை, சிறுபான்மைக்குள் உள்ள வெறுப்பைக் கண்டு மை வற்றிப் போவது நேர்மையாகாது.

கருத்தடை மாத்திரை என்ற கதையின் பின்னால், நிலம், தொழில், வியாபாரம் ஆகியவற்றில் நம்பிக்கை இழந்த இளைஞரின் அச்சம் உண்டு. அவ்வச்சத்தின் பொருளியற் காரணங்கள் களையப்படாத வரை கதை புதிது புதிதாகப் பிறக்கும். அப்போராட்டம் நெடியது. அதுவரை வகுப்பறையிற் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளிலே தனித்தனி மொழிகளிற் கற்கும் நாட்டில், மற்றவர் மொழி பரீட்சைப் புள்ளிக்குரிய பாடமாகச் சுருங்கிவிட்டது. அந்த இரவு அம்பாறைக் கடையிலே இரு மொழியும் அறிந்து, அஞ்சாது மொழிபெயர்க்க ஒருவர் முன்வந்திருப்பாராயின், அந்த விடை வாக்குமூலமாகியிராது. யார் எழுதினார், யாருக்கு எழுதினார், இதனால் யாருக்கு இலாபம் என்ற வினாக்களைச் செய்யுளுக்கு மட்டுமன்றிக் கைத்தொலைபேசியில் வந்து விழும் வரிக்கும் எழுப்பப் பழகிய மாணவன், பகிருமுன் ஒருகணம் நிற்பான். விமர்சனம் சமுதாயக் கடமை என்று நாம் நெடுங்காலமாகக் கூறி வருகின்றோம். அக்கடமை இன்று அந்த ஒருகணத்திலிருந்து தொடங்குகின்றது.