புலிகேசி மன்னனும் தில்லிக் குடும்பங்களும்

நம் தில்லித் தமிழர் வீடுகளில் ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்." மற்றது, "குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது." படத்தின் தரம், நடிப்பு, கதை எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். ஒரு காலத்தில் தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழுக்கு முறை வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, வந்ததும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே அறையில் கூடிப் பார்த்த பழக்கம் நமக்கு. தாத்தா முதல் பேரன் வரை ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு "சேர்ந்து பார்க்கலாமா" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க முடியும்.

அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் பெற்ற படம் 2006 ஜூலையில் வெளிவந்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'. ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்த சிம்புதேவனின் முதல் படம். தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். நாயகன் வடிவேலு, அதுவும் இரட்டை வேடத்தில். அதுவரை பதினைந்து வருஷமாக யாரிடமாவது அடி வாங்கி நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவரை அரியணையில் உட்கார்த்தி வைத்த படம். ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர்விஹாரிலும் ஜனக்புரியிலும் உள்ள நண்பர்கள் வீடுகளில் இந்தப் படத்தைப் பற்றி நான் பல வருஷமாகக் கேட்டு வரும் கருத்துகளை முன்வைத்தே இந்தக் கட்டுரை. கருத்துகள் ஒன்றுக்கொன்று மோதுகின்றன. மோதும் இடங்களில்தான் எனக்கு அக்கறை.

முதலில் பெரியவர்களின் ஆட்சேபம். மத்திய அரசுப் பணியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா சொன்னார்: "நம்ம ராஜாக்களை நாமே கோமாளி ஆக்கினா, இங்க இருக்கிற குழந்தைகளுக்கு நம்ம சரித்திரத்து மேல மரியாதை எப்படி வரும்?" இதைத் தள்ளிவிட முடியாது. தில்லியில் வளர்ந்த குழந்தை பள்ளிப் புத்தகத்தில் முகலாயர்களை விரிவாகப் படித்தது. சோழனும் பல்லவனும் சில பக்கங்களில் முடிந்துவிட்டார்கள். அந்தக் குழந்தைக்குத் தமிழ் மன்னன் என்றதும் வடிவேலுவின் மீசைதான் நினைவுக்கு வந்தால் மாமா வருத்தப்படுவதில் நியாயம் உண்டு.

ஆனால் புலிகேசி நம்மவரே அல்லவே! சரித்திரத்து இரண்டாம் புலிகேசி வாதாபியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கியன். பல்லவன் மகேந்திரவர்மன் மீது படையெடுத்தவன். மகன் நரசிம்மவர்மன் 642ல் வாதாபியைப் பிடித்துப் பதில் சொன்னான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும்: அதில் புலிகேசிக்கும் நாகநந்தி அடிகளுக்கும் உள்ள உருவ ஒற்றுமை. ஒரே முகம் கொண்ட இருவர் என்ற கதைக்கு இந்தப் பெயர் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. இதைவிடச் சுவையான விஷயம், புலிகேசியிடம் அடி வாங்கிய மகேந்திரவர்மனே ஒரு நகைச்சுவை நாடகாசிரியன் என்பது. அவன் வடமொழியில் எழுதிய 'மத்தவிலாசம்', காஞ்சித் தெருவில் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகனையும், அவனிடம் மாட்டிக்கொள்ளும் பௌத்தத் துறவியையும் வைத்து அடித்த கூத்து. ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது நாய்! ஏழாம் நூற்றாண்டில் ஒரு மன்னன் தன் ஊர்ச் சாமியார்களைக் கேலி செய்து எழுதியதைப் பெருமையாகச் சொல்கிற நாம், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் ஒரு கேலிச்சித்திரக்காரர் மன்னனைக் கேலி செய்தால் ஏன் பதற வேண்டும்? நம் தெருக்கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்று வீராவேசமாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, முன்னால் நிற்கும் கட்டியங்காரன் அவரையே கிண்டல் செய்வதில்லையா? சிம்புதேவன் செய்தது ஒன்றுதான். கட்டியங்காரனையே தூக்கி ராஜா இடத்தில் வைத்துவிட்டார்.

தாய்மார்களின் கருத்து வேறு மாதிரி. "ஆபாசம் இல்லை, இரட்டை அர்த்தம் இல்லை, ரத்தம் இல்லை" என்று இல்லைகளாகவே அடுக்குகிறார்கள். 'குடும்பப் படம்' என்ற சொல்லை நாம் இப்படித்தான் இலக்கணப்படுத்தி வைத்திருக்கிறோம்: சங்கடம் தராதது. எனக்கு இது போதாது என்று தோன்றுகிறது. வடிவேலுவின் பல காட்சிகளில் ஆபாசம் இல்லாமலேயே ஒரு சங்கடம் உண்டு. நிறத்தைச் சொல்லி, உருவத்தைச் சொல்லி, கூட்டமாகச் சேர்ந்து ஒரு ஏழையை அடிப்பதை நகைச்சுவை என்று தருகிறார்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து நாமும் சிரிக்கிறோம். ரிமோட்டைத் தேடுவதில்லை. முத்தக்காட்சி வந்தால் மட்டும் தேடுகிறோம்!

புலிகேசி இந்தக் கணக்கில் வித்தியாசமானவன். அடி வாங்குகிறவன் இங்கே அடி கொடுக்கிற இடத்தில் இருக்கிறான். அதிகாரம் முழுக்க அவன் கையில். அறிவு மட்டும் இல்லை. மாமன் சங்கிலிமாயன் (நாசர்) சொன்னபடி ஆடுகிறவன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சிரிப்புக்கு நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார். எள்ளல் என்பது கேலி. இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்பதுதான் நுட்பமானது; பிறர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, தவறென்று தெரிந்தாலும் விடாமல் இருப்பது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். மற்றப் படங்களின் வடிவேலு பெரும்பாலும் பேதைமை. 'வின்னர்' படத்துக் கைப்புள்ள அதன் சிகரம். புலிகேசியோ மடன். பேதைமையைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் மேலே இருந்து கீழே பார்க்கிறோம். அதிகாரத்தில் இருப்பவனின் மடனைப் பார்த்துச் சிரிக்கும்போது கீழே இருந்து மேலே பார்க்கிறோம். மத்திய அரசு அலுவலகங்களில் காலம் தள்ளிய நம்மவர்கள் பலர் 'மங்குனி அமைச்சர்' என்ற சொல்லை உடனே வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டது தற்செயல் அல்ல. யாரை நினைத்துச் சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல் பழைய இத்தாலிய நாடகக்காரர்கள் வைத்திருந்த ஒரு தட்டுக்கோலிலிருந்து வந்தது. இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்த கோல். ஓங்கி அடித்தால் சத்தம் பெரிதாக வரும், வலிக்காது. புலிகேசியில் அந்தக் கோல் உடம்பைவிட மொழியின் மேல்தான் அதிகம் விழுகிறது. அரசவைச் செந்தமிழை மதுரைக்காரர் ஒருவர் வாயில் வைத்து, அடுத்த நொடியே அதைத் தெருவில் உருள விடுகிறார்கள். பி.யு. சின்னப்பா 1940லும் சிவாஜி 1958லும் இரட்டை வேடமிட்ட 'உத்தமபுத்திரன்' கதையைத் தெரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல் சிரிப்பு. கெட்ட சகோதரன், நல்ல சகோதரன், சதிகார மாமன் எல்லாம் அங்கிருந்து வந்தவை. நல்லவன் பெயர் உக்கிரபுத்தன் என்று வைத்ததிலேயே கிண்டல் தொடங்கிவிடுகிறது.

இதில்தான் நம் குழந்தைகளின் கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 2006 வாக்கில் 'ஹேரா பேரி' பாபுராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள். (அந்தப் படத்தின் மூலம் 1989ல் வந்த மலையாளப் படம், தமிழிலும் 'அரங்கேற்ற வேளை'யாக வந்தது என்றால் நம்ப மாட்டார்கள்.) ஒரு நண்பர் வீட்டில் வாடகை விசிடியில் புலிகேசி ஓடிக்கொண்டிருந்தபோது, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் எட்டாம் வகுப்புப் பையன், "அங்கிள், 'இம்சை'ன்னா ஹிந்தியில ஹிம்சாதானே? அப்புறம் ஏன் சிரிக்கிறாங்க?" என்று கேட்டான். அடுத்த வாரமே அவன் தங்கையை "யாரங்கே!" என்று கூப்பிட ஆரம்பித்தான். தண்ணீர் கேட்பதற்கும் செந்தமிழ். பாட்டிக்கு ஒரே சந்தோஷம். நாம் பாடம் வைத்துச் சொல்லித் தந்தபோது வராத முடிவுச் சொற்களும் விளிகளும் ஒரு கோமாளி மன்னன் மூலம் வந்தன. அந்த நடையைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் முதலில் அந்த நடை காதில் ஏற வேண்டும் அல்லவா? மரியாதை குறைகிறது என்ற மாமாவுக்கு என் பதில் இந்தப் பையன்தான். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

குழந்தைகள் ஒருமனதாகச் சொன்ன குறை ஒன்று உண்டு: "ரெண்டாவது பாதி போர்." பெரியவர்களோ "ரெண்டாவது பாதியிலதான் கருத்து இருக்கு" என்கிறார்கள். முதல் பாதியில் புலிகேசி சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறக்கிறான். அந்நியர் விற்கும் 'அக்காமாலா', 'கப்சி' பானங்களுக்கு அனுமதி கொடுக்கிறான். பிற்பாதியில் உக்கிரபுத்தன் அரண்மனைக்குள் வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி நல்ல கட்டளைகள் போடுகிறான். இந்த வழக்கில் நான் குழந்தைகள் கட்சி. சாதிச் சண்டையை விளையாட்டாக்கி டிக்கெட் போட்டு ரசிக்கும் அரசன் என்ற கற்பனை ஒன்றே போதும்; அதற்கு மேல் எந்த உபதேசமும் அதைவிடக் கூர்மையாக இருக்க முடியாது. சாப்ளின் 1940ல் 'தி கிரேட் டிக்டேடர்' எடுத்தபோதும் சர்வாதிகாரி, முடிதிருத்துபவர் என்று இரட்டை வேடம். கடைசியில் நீண்ட சொற்பொழிவு. அந்தச் சொற்பொழிவு தேவையா என்ற சர்ச்சை அன்றே எழுந்தது. ஆக இது சிம்புதேவன் ஒருவருக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. சிரிக்க வைத்தவர்களுக்குக் கடைசியில் ஒரு பயம் வந்துவிடுகிறது, சிரித்துவிட்டு மறந்துவிடுவார்களோ என்று.

"காமெடியன் காமெடியனாகவே இருக்கட்டும், ஹீரோ வேஷம் எதற்கு?" என்போருக்கும் இதில் விடை இருக்கிறது. நாகேஷ் 1964ல் 'சர்வர் சுந்தர'மாகவும் 1968ல் 'எதிர்நீச்சல்' மாதுவாகவும் நின்றபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. (அந்த நாகேஷும் மனோரமாவும் புலிகேசியிலும் இருக்கிறார்கள் என்பது தனிச் சந்தோஷம்.) வடிவேலு பின்னால் நாயகனாக நடித்த 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' 2008லும், 'தெனாலிராமன்' 2014லும், 'எலி' 2015லும் வந்தன. ஒன்றும் புலிகேசியைத் தொடவில்லை. காரணம் அவர் நாயகனானதல்ல. எந்த நாயகன் என்பதுதான். புலிகேசியில் மக்கள் நினைவில் நிற்பவன் மடையன்தான், உத்தமன் அல்ல. தெனாலிராமன் தொடக்கத்திலிருந்தே புத்திசாலி. புத்திசாலியாக நடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

புலிகேசியின் அடுத்த பாகம் பாதியில் நின்று, தகராறாகி, வடிவேலு சில வருஷம் திரையிலேயே இல்லாமல் போனார். அந்த இடைவெளியிலும் நம் பிள்ளைகள் அவரை விடவில்லை. 2019ல் 'ப்ரண்ட்ஸ்' படத்து நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது நினைவிருக்கும். தமிழ்ப்படமே பார்க்காத தில்லிப் பிள்ளைகள் சிலர் அவர் முகத்தைக் கைப்பேசிப் படங்களிலேயே தெரிந்துகொண்டவர்கள்.

பிறகு 2023ல் 'மாமன்னன்' வந்தது. மாரி செல்வராஜ் இயக்கிய அந்தப் படத்தில் வடிவேலு ஒரு சட்டமன்ற உறுப்பினர். ஆனால் சாதியின் காரணமாகத் தலைவர் முன் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்று பழகியவர். அடிவாங்குவதும் அடங்கிப்போவதும் அதே உடம்புதான், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. என் நண்பர் வீட்டுப் பாட்டி, வடிவேலு படம் என்று சொன்னதும் ஆசையாக வந்து உட்கார்ந்தவர், பாதியில் பேரனிடம் கேட்டார்: "ஏண்டா, அன்னிக்கு இவன் சிம்மாசனத்துல உக்காந்தப்போ சிரிச்சோமே, எதுக்குடா சிரிச்சோம்?" எட்டாம் வகுப்பில் "யாரங்கே" என்று கூப்பிட்டவன் இப்போது வேலைக்குப் போகிற வயது. அவன் ஹிந்தியும் தமிழும் கலந்து ஏதோ சொல்லத் தொடங்கினான். பாட்டிக்குப் பாதி புரியவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டின்போதும் பேச்சு அதிலேயே இருந்தது.