18 நிமிட மாமல்லபுரம்

அக்கா வீடு செஞ்சியில். போன லீவில் அங்கே போயிருந்தபோது அக்கா பையனும் ஊரில் இருந்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம், கம்ப்யூட்டர் சயின்ஸ். வீட்டில் உட்கார்ந்து மொபைலைத் தேய்த்துக்கொண்டிருந்தவனைக் கிளப்பினேன்.

"கோட்டையா மாமா? நாலு தடவை பார்த்தாச்சு."

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சிதான். அதனால் என்ன, உள்ளூர்க்காரனுக்கு அது நாலு தடவை பார்த்த கோட்டை.

"கோட்டை வேண்டாம். சீயமங்கலம் போவோம்."

"அங்க என்ன இருக்கு?"

"மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயில்."

"ஓ, மகேந்திரவர்மனா! டூ மார்க் கொஸ்டின் மாமா. பட்டப்பெயர் ரெண்டு எழுதணும். விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். முதல் வருடம் 'தமிழர் மரபு' பேப்பரில் நல்ல மார்க்காம்.

சீயமங்கலம் செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்து, மகேந்திரவர்மனுக்கு மார்க்கும் வாங்கியவன், அந்த ஊருக்குப் போனதில்லை. பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பாடத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை.

சாவி வைத்திருப்பவர் வரும்வரை வாசலில் காத்திருந்து, பிற்காலத்து மண்டபங்களைத் தாண்டி உள்ளே போனோம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து செய்தது. அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று கல்வெட்டில் பெயர். சுவாமி ஸ்தம்பேஸ்வரர், தமிழில் தூணாண்டார். வாசலின் இரு கோடியிலும் காவல் வீரர்கள். அரைத்தூண் ஒன்றின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிதாக, ஆடும் சிவன். தமிழ்நாட்டில் கல்லில் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆடும் சிவன் உருவங்களில் ஒன்று அது. தலையை உயர்த்தித் தேடாவிட்டால் தவறவிடுவீர்கள்.

பையன் சிவனைப் பார்க்கவில்லை. தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். அதன் மேல் போதிகை, போதிகை மேல் உத்தரம்.

"மாமா, இந்தத் தூணை எங்கேயோ செதுக்கி இங்க கொண்டுவந்து நிறுத்தலை இல்ல?"

"இல்லடா. சுத்தி இருந்த பாறையை எடுத்துட்டாங்க. எடுக்காம விட்டதுதான் தூண்."

"அப்போ போதிகை எதுக்கு? மரவீட்டுல தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல அதை வைப்பாங்க. இங்க எல்லாமே ஒரே கல்லு. தேவையே இல்லையே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே சிரித்துவிட்டான். "புரிஞ்சுது மாமா. 'சேவ்' பட்டன்ல இன்னும் ஃபிளாப்பி படம் போடறோமே, அது மாதிரி!"

இருபது வயதுப் பையன். ஃபிளாப்பி டிஸ்க்கைக் கையால் தொட்டே இருக்க மாட்டான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செஞ்சிக்கு இந்தப் பக்கம் சீயமங்கலம் என்றால் அந்தப் பக்கம், விழுப்புரம் சாலையில், மண்டகப்பட்டு. அங்கே இதே மகேந்திரன், செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, அப்படி ஒரு கோயில் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமைப்பட்டிருக்கிறான். பழைய பொருள்கள் அத்தனையையும் விட்டுவிட்டவனால் பழைய வடிவத்தை மட்டும் விட முடியவில்லை. புதுத் தொழில்நுட்பம் வந்ததும் மனிதர்கள் செய்கிற முதல் காரியமே, அது பழசு மாதிரி இருக்கிறது என்று நம்மைச் சமாதானப்படுத்துவதுதான். மொபைலில் போட்டோ எடுத்தால் 'கிளிக்' என்று சத்தம் வருகிறதே, அந்த வியாதிக்கு வயது 1,400.

"இதை எழுதினா எத்தனை மார்க் போடுவாங்க?" என்று கேட்டேன்.

"போட மாட்டாங்க மாமா. சிலபஸ்ல இல்ல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு பதிலைப் பற்றித்தான்.

*

அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டில் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இரண்டு பாடங்களைக் கொண்டுவந்தது. முதல் செமஸ்டரில் 'தமிழர் மரபு', இரண்டாவதில் 'தமிழரும் தொழில்நுட்பமும்'. நல்ல காரியம். தலைப்புகளைப் பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைக்கு மொழி, சிற்பம், கூத்து, திணை, நெசவு, பானை, ஏரி, மதகு எல்லாம் தெரியவேண்டும் என்று ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே நினைத்தது சாதாரண விஷயம் இல்லை. 1794-ல் கிண்டி கல்லூரியின் மூதாதையான சர்வே பள்ளிக்கூடத்தைக் கம்பெனிக்காரன் ஆரம்பித்தது நிலம் அளக்க ஆள் வேண்டும் என்பதற்காக. இன்னொருவன் கணக்குக்கு ஆள் தயாரித்துக் கொடுப்பதில் நமக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அனுபவம். நம் கணக்குக்கும் கொஞ்சம் படிக்கலாம் என்று இப்போதுதான் தோன்றியிருக்கிறது.

ஆனால் அக்கா பையன் படித்த பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். பாடத்துக்கு ஒரு கிரெடிட். நாலு வருடப் படிப்பின் மொத்தம் 160 சொச்சம் என்றால் அதில் ஒன்று. மொத்தம் 15 வகுப்புகள். ஐந்து அலகுகள். அலகுக்கு மூன்று வகுப்பு.

'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடத்தின் இரண்டாம் அலகு கட்டுமானம். அதில் என்னென்ன? சங்க கால வீடுகளும் வீட்டுப் பொருள்களும், கட்டுமானப் பொருள்களும் நடுகல்லும், சிலப்பதிகாரத்து மேடை அமைப்பு, மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், நாயக்கர் காலக் கோயில்கள், மதுரை மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், செட்டிநாட்டு வீடுகள், பிரிட்டிஷ் காலத்துச் சென்னையின் இந்தோ-சாரசனிக் கட்டடங்கள். பத்து விஷயம். வகுப்புக்கு அறுபது நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் 180 நிமிடம். மாமல்லபுரத்துக்கு 18 நிமிடம்! அட்டெண்டன்ஸ் எடுக்கிற நேரத்தைக் கழித்தால் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் பஸ் நிற்காது.

18 நிமிடத்தில் என்ன சொல்லித்தர முடியும்? பெயர் சொல்லலாம், ஆண்டு சொல்லலாம், "உலகமே வியக்கிறது" என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். மாணவன் அதை எழுதிக்கொள்வான். இரண்டு மார்க் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த பதில் அது. கேள்வி கேட்க நேரம் கிடையாது. கேள்வி இல்லாத இடத்தில் மரபு என்பது மனப்பாடம்.

நேரம்தான் குறை என்று முடித்துக்கொள்ளலாம். எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று தெரிகிறது. இந்தப் பாடங்களின் தொனி பெருமைப்பட வைப்பது. பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஆர்ட்ஸ் படிப்பு என்றும் மனிதவியல் என்றும் உலகம் சொல்வது பெருமைப்படும் பயிற்சி இல்லை, சந்தேகப்படும் பயிற்சி. சீயமங்கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் கல்வெட்டு சம்ஸ்கிருதம், கிரந்த எழுத்து. செய்தவன் பல்லவன். அதே ஊர்க் குன்றில் பார்சுவநாதரும் மகாவீரரும் பாகுபலியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே உள்ள கல்வெட்டு சக ஆண்டு 815, அதாவது கி.பி. 892-93, கங்க மன்னன் ராஜமல்லனைச் சொல்கிறது. சைவம், சமணம், சம்ஸ்கிருதம், கன்னட தேசத்து அரசன்... எல்லாம் ஒரு தமிழ்க் கிராமத்தின் ஒரே குன்றில். இதில் எது தமிழர் மரபு? எல்லாமும்தான் என்பது என் பதில். உங்கள் பதில் வேறாக இருக்கலாம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அறுபது பேர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து இதைப் பற்றிச் சண்டை போட்டால் அதற்குப் பெயர்தான் கல்வி.

மகேந்திரன் இந்தச் சண்டைக்குப் பயப்படாதவன். கோயில் குடைந்த கையோடு 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு சிரிப்பு நாடகம் எழுதினான். காஞ்சிபுரத்துத் தெருவில் ஒரு குடிகாரக் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்த பிட்சுதான் திருடினான் என்று சண்டை போடுகிறான். கடைசியில் பார்த்தால் தூக்கிப் போனது நாய். ராஜா தன் தலைநகரத்தையும் அதன் சாமியார்களையும் மேடையேற்றிக் கிண்டல் செய்கிறான். இன்ஜினீயர், ஓவியன், நாடகக்காரன், நையாண்டிக்காரன் எல்லாம் ஒரே ஆள். அவனைப் பட்டப்பெயர் இரண்டாகச் சுருக்கிவிட்டோம்.

*

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. அப்பட்டமான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். யுத்தம் முடிந்ததும் உட்கார்ந்து யோசித்து, 1949-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். இன்ஜினீயர் செய்வதன் விளைவு சமூகத்தில் வந்து விழுகிறது, ஆகவே அவனுக்குச் சமூகம் தெரியவேண்டும் என்பது சாரம். 1950-ல் மனிதவியலுக்குத் தனிப் பள்ளியே வந்துவிட்டது. அங்கே இளநிலை மாணவர் எந்தத் துறையானாலும் மனிதவியல், கலை, சமூக அறிவியலில் எட்டுப் பாடம் முடிக்கவேண்டும். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். மாணவர்களும் மனிதவியல் பாடங்கள் எடுத்தே ஆகவேண்டும். 2006-ல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருட எம்.ஏ. கூட ஆரம்பித்தார்கள். 2023 முதல் அது இரண்டு வருட எம்.ஏ. ஆகிவிட்டது. இன்ஜினீயர்களின் கேன்டீனில் பிளஸ் டூ முடித்த கையோடு இலக்கியம் படிக்க வந்த பிள்ளைகளும் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தார்களே, அந்தச் சகவாசம் போனது எனக்கு வருத்தம்தான்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே, "கல்லைப் பார்த்தா வேலை குடுப்பானாடா?" என்று கேட்டாள்.

அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி இல்லை. திண்டிவனம், விழுப்புரம், ஆரணி என்று செஞ்சியைச் சுற்றி மூன்று ஊர்களில் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே வருகிற பல பிள்ளைகளின் வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. நகையை வைத்துப் படிக்க வைக்கிற அம்மாவிடம் போய், 'மனம் விசாலமாகும்' என்று சொன்னால் வாசலைக் காட்டுவாள். நியாயம்.

ஆனால் யோசியுங்கள். வடக்கே சில தனியார் பல்கலைக்கழகங்களில் லட்சக்கணக்கில் பணம் கட்டி 'லிபரல் ஆர்ட்ஸ்' படிக்கிறார்கள். வாதாட, எழுத, எதையும் ஏன் என்று கேட்க அங்கே கற்றுத்தருகிறார்கள். பின்னாளில் முடிவெடுக்கிற நாற்காலியில் யார் உட்காருவார்கள்? அந்த முடிவுக்கு கோடு எழுதிக் கொடுப்பது யார்? கேள்வி கேட்கும் படிப்பு காசு உள்ளவனுக்கு, மனப்பாடப் படிப்பு செஞ்சிக்காரனுக்கு என்று ஆகிவிட்டால், வேலை கிடைக்கும், அக்கா. நாற்காலி கிடைக்காது. கோடு எழுதும் வேலையையே இப்போது கம்ப்யூட்டர் எழுத ஆரம்பித்துவிட்டது என்பது இன்னொரு கவலை.

பல்கலைக்கழகத்தாருக்கு என் யோசனை சின்னது. செலவில்லாதது. இந்த இரண்டு பாடங்களையும் எடுக்காதீர்கள். பத்து விஷயத்தை ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் பஸ் போகிற தூரத்தில் ஒரு குடைவரையோ, ஏரி மதகோ, நடுகல்லோ, தறியோ இருக்கும். மாணவன் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று தடவை போகட்டும். அளக்கட்டும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசட்டும். தனக்குப் புரியாத ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம், சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். கைடு பார்த்து எழுத முடியாது. சீயமங்கலத்துக்கு கைடு இல்லை. பரீட்சைக்குப் பதில் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். பதினைந்து வகுப்பு இதற்குப் போதும்.

ஊருக்குக் கிளம்பும்போது பையன் பஸ் ஸ்டாண்டு வரை வந்தான்.

"மாமா, ஒரு டவுட்டு. அந்தத் தூண் நிஜமாவே பாரம் தாங்குதா, இல்ல சும்மா நிக்குதா? எடுத்துட்டா பாறை விழுமா?"

"தெரியலடா."

"சிவில் பசங்க யாரையாவது கூட்டிட்டு இன்னொரு தடவை போய்ப் பார்க்கறேன்."

மார்க் கிடையாது என்று தெரிந்தும் போகிறேன் என்கிறான். பஸ் ஏறிவிட்டேன்.