மிட்டாய்க் கடைக்கு உள்ளே

'பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தாற்போல்' என்பது நம் நாவில் எளிதாக வந்துவிடும் பழமொழி. வாய் பிளந்து நிற்கும் ஒரு மனிதனையும், கண்ணாடிக்குப் பின்னே அடுக்கப்பட்ட இனிப்புகளையும் அது நம் கண்முன் நிறுத்துகிறது. ஆனால் இப்பழமொழியைச் சொன்னவர் யார்? கடைக்கு வெளியே நின்றவர் அல்லர். உள்ளே அமர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தவரே. சிற்றூரிலிருந்து பெருநகருக்கு வருவோரின் திகைப்பைப் பற்றி நம்மிடையே வழங்கும் பேச்சுகளில் பெரும்பகுதி இவ்வாறு கடைக்காரரின் பக்கமிருந்து சொல்லப்பட்டதே. வந்தவரின் பக்கமிருந்து சொன்ன படைப்புகள் சிலவே. அவற்றுள் மூன்றை ஈண்டு எடுத்து நோக்குவோம்.

மணவாள நகரில் வாழ்வோருக்கு இப்பொருள் அயலானதன்று. திருவள்ளூர் இரயில் நிலையத்தை ஒட்டிய இவ்வூரிலிருந்து நாள்தோறும் விடியலில் எத்தனையோ பேர் சென்னைக்குப் புறப்படுகின்றனர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குச் சென்றது இவ்வழியேதான். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இத்தண்டவாளங்கள் ஊராரை நகருக்குக் கொண்டுசென்று இறக்கி வருகின்றன. இறங்கியவருக்கு நேரும் அதிர்ச்சி எது? உயர்ந்த கட்டடங்களா, ஊர்திகளின் இரைச்சலா? அவை ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறொன்று என்று நம் இலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருக்கிறது.

சிலப்பதிகாரத்துக் கோவலன் பட்டிக்காட்டான் அல்லன். புகார் என்னும் துறைமுகப் பெருநகரின் வணிக மகன். ஆயினும் மதுரையில் அவன் அந்நியன். கோட்டைக்கு வெளியே, புறஞ்சேரியில், கவுந்தியடிகள் அவனையும் கண்ணகியையும் இன்னாரென்று எடுத்துரைத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவ்வீட்டில் அவர்களுக்கு இடமும் உணவும் கிடைக்கின்றன. கோட்டைக்கு உள்ளே அத்தகைய சொல்லைச் சொல்வார் இல்லை. பொற்கொல்லன் கள்வன் என்கிறான். காவலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுறுகின்றனர். ஆயினும் அந்த ஐயம் அவனைக் காக்கவில்லை. அவனுக்காகச் சான்று பகர்பவள் சிலம்போடு வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது. நகரத்தின் பேரதிர்ச்சி இதுவே: நம்மை அறிந்தவர், நமக்காக வாய்திறப்பவர் எவருமின்றி நிற்கும் நிலை.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-இல் வெளிவந்தது. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தவரே அதன் ஆசிரியர். அவர் கதையில் நகரத்திற்குப் புதிதாய் வந்திருப்பவர் கடவுள்! திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். காப்பி குடித்து அதன் சுவையில் தம் லீலையைக் காண்கிறார். அது சிக்கரியின் லீலை என்று கந்தசாமிப் பிள்ளை விளக்குகிறார். நகைச்சுவையில் மயங்கி நாம் கவனிக்கத் தவறும் இடம் ஒன்றுண்டு. கறாரும் கணக்கும் மிகுந்த பிள்ளை, வரம் ஏதும் கேளாமல் அந்தப் புதியவரைத் தம் குடித்தன வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். பெரியப்பா என உறவுமுறை சொல்லி மனைவிக்கு அறிமுகப்படுத்துகிறார். நகரில் கடவுளுக்கே ஒரு முகவரி கிடைப்பது அந்த உறவுச் சொல்லால்தான். மனிதரோடு கூடி வாழ்வதைவிட எட்ட நின்று வரம் தருவது எளிது என்ற முடிவுக்குக் கடவுள் வரும்போது, சிரிப்பு அடங்கி நம் நெஞ்சு சுடுகிறது. இக்கதையை நாத்திகக் கேலி என ஒதுக்குவோர் அதன் விருந்தோம்பலைப் படிக்கத் தவறியவர் என்பது நம் கருத்து.

மூன்றாவது, வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் உரையாடல் எழுதி, 2010-இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம். பட்டிக்காட்டான் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியதும் ஏமாற்றப்படுவதை நகைச்சுவைத் துணுக்காகவே கண்டு பழகிய திரைக்கு இது புதிது. இதன் நாயகன் ஜோதிலிங்கம், பள்ளியில் நன்றாகப் படித்து முதல் மதிப்பெண் பெற்றவன். ஆளில்லா இரயில் கடவையில் தந்தை மாள, குடும்பத்தைத் தாங்கத் தென்மாவட்டச் சிற்றூரிலிருந்து தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் துணிக்கடைக்கு வருகிறான். இங்கே பழமொழி தலைகீழாகிறது. பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடைக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே, விற்பனை மேசைக்குப் பின்னே, நாள் முழுதும் உட்கார இடமின்றி நிற்கிறான். வெளியிலிருந்து வேடிக்கை பார்க்க வருபவர் நாம்.

இப்படத்தின் வலிமை அதன் விவரங்களில் உள்ளது. சோற்றுக்கு முட்டி மோதும் உணவுக்கூடம், ஆடுமாடுகளைப் போல் அடைந்து உறங்கும் விடுதி, நிமிடக் கணக்கில் வெட்டப்படும் கூலி ஆகியவற்றை அது பொறுமையாகக் காட்டுகிறது. அனைத்தினும் கொடியது ஒரு காட்சி. உடன் பணிபுரியும் பெண்ணைக் காதலித்த இளைஞன், வேலை போய்விடும் என்ற அச்சத்தால், மேற்பார்வையாளர் முன்னிலையில் அவளைத் தெரியாது என மறுதலிக்கிறான்; அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மறுதலித்தல் என்ற சொல்லின் கனத்தை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மதுரையில் கோவலனை அறிந்தவர் அருகில் இல்லை. இங்கோ அறிந்தவன் அருகிலேயே நிற்கிறான், வாய் திறக்கவில்லை. பசியும் பயமும் சாட்சியின் நாவைக் கட்டிவிடுகின்றன. ஈராயிரம் ஆண்டு மரபில் இப்படம் சேர்த்த புதிய உண்மை இதுவே எனலாம்.

குறைகளும் உள. கொடுமை முழுவதையும் ஒரு மேற்பார்வையாளரின் கையில் ஏற்றிவிடுவதால், அவனை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்ப முடிகிறது. மலிவு விலைக்காக அத்தெருவில் நெருக்கியடிக்கும் வாடிக்கையாளர் படம் நெடுக வருகின்றனர். ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வியும் எழுப்பப்படவில்லை. கடையை விட்டு வெளியேறிய காதலர் நடைபாதையில் உறங்கும்போது லாரி மோதிக் கனி கால்களை இழப்பது, முறைமையின் குற்றத்தை விதியின் கணக்கில் எழுதிவிடுகிறது. வீடற்றவர்க்கு நடைபாதையே படுக்கை என்பதும் அம்முறைமையின் விளைவுதானே என இயக்குநர் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் திரையரங்கில் நாம் சிந்தும் கண்ணீர் அந்த லாரியையே நினைத்துச் சிந்தப்படுகிறது. நிற்கும் கால்களின் வலி அதில் கரைந்துபோகிறது.

அந்த வலிக்குச் சட்டம் செவிசாய்க்கப் பதினோராண்டு ஆயிற்று. கடைப் பணியாளர்க்கு இருக்கை வழங்க வேண்டும் எனக் கேரளம் 2018-இல் சட்டம் செய்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு 2021-இல் திருத்தி, அதே உரிமையை அளித்தது. ஒரு திரைப்படத்தால் சட்டம் வந்தது என்று நாம் கூறவில்லை. நிற்பவரைக் காணாத கண்களைக் காணச் செய்தவற்றுள் அதுவும் ஒன்று என்பதில் தவறில்லை. இனி ஒவ்வொரு கடையிலும் இருக்கை இருக்கிறதா, அதில் உட்கார அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது வாங்கச் செல்லும் நம் கடமை.

இன்று காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர் மூட்டையோடு வந்து இறங்குகின்றனர். அவர்களுக்கு நம் சிற்றூரே பட்டணம். பேருந்தில் வழி தெரியாமல் அவர்கள் விழிக்கும்போது சிரிப்பவர் யார்? ஊரில் எது களவு போனாலும் முதலில் அவர்கள் மேல் ஐயம் கொள்பவர் யார்? 2020-ஆம் ஆண்டின் பொது முடக்கத்தில் அவர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்ததை நாம் தொலைக்காட்சியில் கண்டு இரங்கினோம். அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் நாம் அறிந்திருந்தோமா?

கோவலனுக்காகக் கண்ணீர் வடிப்பதும், ஜோதிலிங்கத்திற்காக நெகிழ்வதும் எளிது. அவர்கள் நம் மொழி பேசுபவர்கள். அடுத்த தெருவில் ஓர் அறையில் எண்மராய்த் தங்கியிருப்பவர் மீது நாளை ஒரு பழி விழுந்தால், 'இவரை நான் அறிவேன்' என்று சொல்ல அவரை இன்றே அறிந்திருக்க வேண்டும். கந்தசாமிப் பிள்ளைக்கு அது முடிந்தது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு குடித்தன வீடும் பெரியப்பா என்ற ஒரு சொல்லும்தான்.