படிகம் பெரிதானால் போதுமா?

நூலோடு கூடிய கற்கண்டைப் பார்த்திருப்பீர்கள். அந்நூலைப் பற்றிக்கொண்டு எத்தனையோ படிகங்கள் பல திசைகளில் வளர்ந்திருக்கின்றன. எக்ஸ் கதிரை அளக்கும் கருவிக்கு இது உதவாது. ஒரே ஒழுங்கில் அணுக்கள் அடுக்கப்பெற்ற ஒற்றைப் படிகம் அதற்கு மிகவும் ஏற்றது.

இத்துறையில் காரைக்குடிக்கும் ஒரு பங்கு உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. சங்கரநாராயணனும், படிக வளர்ச்சியில் புகழ்பெற்ற பேராசிரியர் பி. ராமசாமியும் 2005-இல் வெளியிட்ட முறை இன்று ‘எஸ்.ஆர். முறை’ எனப்படுகிறது. கண்ணாடிக் குழாயின் அடியில், வேண்டிய திசையில் வித்துப் படிகத்தை வைத்துப் பூரிதக் கரைசலை ஊற்றுகிறார்கள். மேற்பகுதியைச் சூடாக்கினால் கரைப்பான் ஆவியாகும்; கரைபொருள் வித்தின்மேல் படியும். படிகம் ஒரே திசையில் வளரும். பொருள் அதிகம் வீணாவதில்லை. விலைமிக்க உலையும் தேவையில்லை. நம் கல்லூரிகளுக்கு ஏற்ற முறை என்பதில் ஐயமில்லை.

ஆனால் எந்த முறையையும் கண்மூடிப் பின்பற்றலாகாது. எக்ஸ் கதிர் உணர்விகளுக்கு இன்று பெரிதும் ஆராயப்படுவது பெரோவ்ஸ்கைட் வகைப் படிகங்கள். அவற்றுள் ஒன்றான மெத்தில் அம்மோனியம் காரீய புரோமைடு, டைமெத்தில் பார்மமைடு என்னும் கரைப்பானில் சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும், சர்க்கரைக்கு நேர்மாறு! மேலே சூடாக்கினால் படிகத் துகள்கள் அங்கேயே தோன்றிக் கீழே உதிரும். எனவே சூடு வித்தின் பக்கம் இருக்கவேண்டும்.

இரண்டாவது, அளவு மயக்கம். 2016-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் குழு, இதே படிகத்தைக் கொண்டு செலீனிய உணர்விகளைப்போல் நான்கு மடங்கு உணர்திறன் பெற்றது. படிகத்தின் உட்குறைகளைக் குறைத்ததும் மேற்பரப்பைப் பண்படுத்தியதுமே அதற்குக் காரணம், பருமன் அன்று.

மாணவர் ஆய்வேடுகளைப் புரட்டும்போது எனக்கு ஒரு மனக்குறை. வரைபடத்தாளின்மேல் படிகத்தின் புகைப்படம், ஒளி ஊடுருவல், கடினத்தன்மை, அத்துடன் முடிந்துவிடுகிறது. என் எம்.எஸ்ஸி. ஆய்வேடும் அப்படித்தான் முடிந்தது. கதிர் படாதபோது கசியும் மின்னோட்டம் எவ்வளவு? மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் நகர்ந்து அது மாறுகிறதா? கசிவு மிகுந்தால் மெல்லிய எக்ஸ் கதிரின் சைகை அதில் மூழ்கிவிடும். உணர்திறன் எண்ணைச் சொல்வோர், எவ்வளவு மின்னழுத்தத்தில் என்றும் சொல்லவேண்டும்.

நல்ல உணர்வி கிடைத்தால், குறைந்த கதிரிலேயே ஒரு குழந்தையின் மார்பைப் படம் எடுக்கலாம். நம் உழைப்பின் பயன் அங்கேதான் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, காரீய உப்பு நச்சு. வீட்டில் படிகாரத்தை வளர்த்துப் பழகுங்கள். படிகம் வளர்ந்ததும், “எவ்வளவு பெரிது?” என்பதோடு, “எதற்கு உதவும்?” என்றும் கேளுங்கள்.