‘குணப்படுத்தும்’ என்னும் வினைமுற்று

கண்டியிலிருந்து தம்புள்ளை செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளையை அண்டி வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உள. மிளகு, ஏலம், சாதிக்காய் முதலியவற்றைக் காட்டி, இன்னது இன்ன நோயைக் குணப்படுத்தும் என வருவோர்க்கு விளக்குதல் அங்கு வழக்கம். பொதுமக்களுக்கான அறிவியற் கட்டுரைகள் சில இவ்வழக்குக்கு ‘ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்னும் முத்திரையையும் இட்டுவிடுகின்றன. ‘மஞ்சள் சிறுநீரகப் புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்னும் வாக்கியம் இத்தகையது.

இதன் குறை வினைமுற்றிலேயே தொடங்குகின்றது. ‘ஞாயிறு கிழக்கே உதிக்கும்’ என்பதிற்போல, ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று என்றும் மாறாத இயல்பைக் குறிக்கவல்லது. ஆய்வுகூடம் கண்டதோ, கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட சிறுநீரகப் புற்றுக் கலங்கள்மீது மஞ்சளிலுள்ள குர்க்குமின் இடப்பட்டபோது அவற்றின் வளர்ச்சி குன்றிற்று என்பதாகும். இடமும் அளவும் வரையறுக்கப்பட்ட இறந்தகாலச் செய்தி அது.

கிண்ணத்திற் குர்க்குமின் கலத்தை நேரே தொடுகின்றது. உண்ணப்படும் குர்க்குமினிற் சிறுபகுதியே குருதியை அடைகின்றது. அதுவும் குடற்சுவரிலும் ஈரலிலும் விரைவில் உருமாறுகின்றது. மிளகின் பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்க்கப்பட்டபோது குருதியை அடையும் அளவு 2000 சதவீதம் உயர்ந்ததென 1998 இல் வெளியான ஆய்வு கூறிற்று. எனினும், பெருக்கப்பட்ட தொகை தொடக்கத்தில் மிகச் சிறிது என்பதை மறத்தலாகாது.

அதே பிப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதியமொன்றைத் தடுக்கின்றதென்பதும் ஆய்வுகூட முடிபே. 2006 இல் அமெரிக்காவிற் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட சுனிற்றினிப் அந்நொதியத்தாலேயே சிதைகின்றது. எனவே மஞ்சள்–மிளகுக் குளிசை அம்மருந்தின் அளவைக் குருதியில் மாற்றிவிடக்கூடும். முதல் முடிபை உரத்துக் கூறுவோர் இரண்டாவதை விட்டுவிடுதல் நேர்மையாகாது.

ஊட்டப்பொருளாதலால் தீங்கில்லை என்பாருமுளர். பின்லாந்திற் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடை நிகழ்ந்து 1994 இல் வெளியான ஆய்வில், பீற்றா கரோட்டின் உண்டோரிடை நுரையீரற் புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்தே காணப்பட்டது. குறையுமென எதிர்பார்த்தே அவ்வாய்வு தொடங்கப்பட்டது.

ஆய்வுகூடத்தைப் பழிப்பது இதன் கருத்தன்று. 1993 இல் இனங்காணப்பட்ட விஎச்எல் மரபணுவைப் பற்றிய அறிவின்வழி உருவான பெல்சூற்றிபான், 2021 இலேயே மருந்தாக அங்கீகாரம் பெற்றது. கலத்திலிருந்து நோயாளிவரை இருபத்தெட்டாண்டுத் தொலைவு. அத்தொலைவை ஒரு வினைமுற்றாற் கடந்துவிட முடியாது.

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில், காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பீடித்துள்ளது. அது புற்றுநோயன்று, ஆயினும் ‘சிறுநீரகத்துக்கு நல்லது’ என்னும் தொடர் அஞ்சிய மனத்துக்கு அவ்வேறுபாட்டைக் காட்டாது. சிகிச்சையைத் தாமதிப்போர்க்கு நேரும் இழப்பை எழுதியவர் ஏற்பதில்லை. ஆதலின் எக்கலத்தில், எவ்வளவில், எவரிடத்து என்னும் மூன்றையும் உரைத்து, ‘தடுக்கும்’ என்பதற்குத் ‘தடுத்தது’ என எழுதுதலே தமிழில் அறிவியல் எழுதுவோரின் முதற் கடமையாகும்.